கதவில் கீறிய வார்த்தை

வாடிப்பட்டியிலிருந்து கோச்சடையில் எங்கள் வீடு வரைக்கும் அக்கா முன்கண்ணாடி இல்லாத காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். மே மாதம். காலை வெயிலே அனலாக இருந்தது. நாலுவழிச் சாலையில் லாரிகள் கிளப்பிய புழுதியெல்லாம் அவள் முகத்தில் அப்பியிருந்தது. தலைமுடிக்குள் கண்ணாடித் துண்டுகள் மினுமினுத்தன. ஒரு காதில் தோடு இல்லை. கிழிந்து தொங்கிய காதுமடலிலிருந்து ரத்தம் வழிந்து, சுடிதாரின் தோளில் காய்ந்து கறுத்திருந்தது.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. கோடை விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தேன். அம்மா இறந்தபிறகு நானும் அப்பாவும் மட்டும்தான் அந்த வீட்டில். அக்கா காரை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். அவளை இறக்கி, கதவைச் சாத்தியபோதுதான் அதைப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கக் கதவில், அந்த வெள்ளைப் பெயிண்டில், ஒரு கை அகல எழுத்துகளில் ஒரு வார்த்தை கீறப்பட்டிருந்தது.

அந்த வார்த்தையை இங்கே எழுதமாட்டேன். ஒரு பெண்ணை நடுத்தெருவில் நிற்க வைத்து எந்த வார்த்தை சொல்வார்களோ, அந்த வார்த்தை.

அக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் சம்பளத்தில், அவள் பெயரில் வாங்கிய கார் அது. அத்தானுக்கு வாடிப்பட்டியில் சிமெண்டுக் கடை. கார் வாங்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தார். அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டபிறகுதான் ஆரம்பித்தது. எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம், முன்சீட்டில் யார் உட்கார்ந்தது, சீட் ஏன் பின்னால் தள்ளியிருக்கிறது. முதலில் கேள்வி, பிறகு அடி. இப்போதும் அவரை 'அவர்' என்றுதான் எனக்கு எழுத வருகிறது. வளர்ந்தவிதம் அப்படி.

அன்று காலை நடந்ததை அக்கா துண்டு துண்டாகச் சொன்னாள். வேலைக்குக் கிளம்பும்போது சாவியைப் பிடுங்க வந்திருக்கிறார். அவள் ஓடிப்போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவுகளைப் பூட்டிக்கொண்டாள். ஓடும்போது அவர் பிடித்து இழுத்ததில்தான் தோடு போனது. அவர் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு, கடப்பாரையை எடுத்து வந்தார். முன்கண்ணாடி இரண்டாவது அடியில் உள்ளே கொட்டியது. பானெட்டில் அடித்தார், கூரையில் அடித்தார். அவளை அடிக்கவில்லை. கடப்பாரையை அவள் முகத்துக்கு நேராக ஓங்கி, பக்கத்தில் இறக்கினார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. பிறகு கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, ஸ்கூட்டரிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதவில் எழுத ஆரம்பித்திருக்கிறார்.

"அவசரமே படலடி. குண்டு குண்டா, அழகா எழுதுனாரு. அந்தச் சத்தம் என் முட்டிக்குப் பக்கத்துல கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

எழுதி முடித்ததும் அவருக்குத் தாகம் எடுத்திருக்கிறது. தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனார். அக்கா வண்டியைக் கிளப்பி, கேட்டை இடித்துத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு உள்ளே போய்ப் பழைய போர்வை ஒன்றை எடுத்துவந்து அந்தக் கதவின்மேல் தொங்கவிட்டார். அவர் செய்த முதல் காரியம் அதுதான்.

அன்று மதியமே காது தைத்து முடித்த கையோடு மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். ஒரு காவலர் வீட்டுக்கு வந்து காரைச் சுற்றிச்சுற்றிப் படம் எடுத்தார். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுகிறோம் என்றார்கள். கண்ணாடி மாற்ற ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். வேலை பார்க்கும்போது போர்வை நழுவி விழுந்தது. அவர் வார்த்தையைப் படித்தார். படித்துவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, கண் தானாகப் போய்விட்டது. உடனே தரையைப் பார்த்துக்கொண்டு, "டோரையும் பானெட்டையும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டாங்கக்கா. பட்டி பாத்து அடிச்சு விட்ருவோம்" என்றார்.

"வேணாண்ணே. நாங்களே பாத்துக்கிருவோம்" என்றாள் அக்கா.

அவர் போனதும் என்னிடம் சொன்னாள். "ஒர்க்‌ஷாப்ல எம்புட்டுப் பேரு இருப்பாங்க? அம்புட்டுப் பேரும் அத வாசிச்சிட்டு என் மூஞ்சியப் பாக்கணுமா? நம்மளே அடிப்போம். வீட்டுலயே."

எங்கள் இருவருக்கும் சுவருக்கு வெள்ளையடித்த பழக்கம்கூடக் கிடையாது. போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டோம். பழைய பெயிண்டைத் தேய்க்க வேண்டும், பள்ளத்தைப் பட்டி போட்டு நிரப்ப வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும், பிரைமர், பிறகு நிறம். பார்க்கச் சுலபமாக இருந்தது. உப்புத்தாளும் பட்டி டப்பாவும் வாங்கிவந்தேன். பள்ளி ஆய்வகத்திலிருந்து இரண்டு பாதுகாப்புக் கண்ணாடிகள், இரண்டு கையுறைகள்.

அக்கா கையுறை போட மறுத்தாள். போர்வையை உருவி எறிந்துவிட்டுக் கதவின் முன்னால் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினாள். தேய்ப்பதுபோல இல்லை அது. யாரோ ஒருவர் முதுகுத் தோலை உரிப்பதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தோளிலிருந்து முழங்கைவரை ஒரே வேகம். வெள்ளைத் தூள் புருவத்தில் படிந்தது. விரல் நுனிகள் தேய்ந்து ரத்தம் கசிந்து, கதவில் இளஞ்சிவப்பாகத் தடம் விழுந்தது. நிறுத்தச் சொன்னால், "போய்த் தண்ணி கொண்டா" என்றாள். பக்கத்து வீட்டம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் துணியை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

ஸ்க்ரூடிரைவர் தகடு வரைக்கும் இறங்கியிருந்தது. தாளால் ஆகவில்லை. தேய்க்கும் மிஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தோம். தகட்டில் பட்டதும் தீப்பொறி சீறியது. அக்கா முகத்தைத் திருப்பவில்லை. அன்று மாலைக்குள் எழுத்துகள் போய், கதவு தோலுரிந்த ஆடுபோல வெறும் தகடாக நின்றது. இரும்பின் நடுவே கைவைத்துத் தடவினாள். "போயிருச்சு" என்றாள்.

போகவில்லை. பட்டி போட்டுத் தேய்த்து பிரைமர் அடித்தோம். மறுநாள் காலையில் வெயில் சாய்வாக விழுந்தபோது, சாம்பல் நிறத்தின் அடியிலிருந்து அந்த வார்த்தை மெல்லிய பள்ளமாக எழுந்து நின்றது. பட்டி காய்ந்து உள்வாங்கியிருக்கிறது. எனக்குக் காரணம் புரிந்தது. அக்காவிடம் காரணம் சொல்லுகிற நேரமா அது? காபி டம்ளரோடு நின்றவள், டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தாள். சுத்தியலை எடுத்தாள். கதவை அடித்தாள். எழுத்து எழுத்தாக அடித்தாள். தெருவில் போன பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். அப்பா உள்ளேயிருந்து, "ஏய், ஏய்" என்று கத்திக்கொண்டே வந்து, வாசல்படியில் நின்றுவிட்டார். நானும் கிட்டே போகவில்லை. அந்தக் கை அப்போது யாரை வேண்டுமானாலும் அடித்திருக்கும்.

ஓய்ந்ததும் சுத்தியலைக் கீழே வைத்து, மூச்சிரைக்கக் கதவைப் பார்த்தாள். "இனி இந்தப் பள்ளத்தையும் சேத்து நெரப்பணும்டி" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாதான் சிரிக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து செய்தோம். இந்த முறை பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் காயவிட்டுத் தேய்த்தோம். பானெட், கூரை, எல்லாவற்றையும். ஒரு கதவுக்கு மட்டும் அடித்தால் தனியாகத் தெரியும் என்பதால், மொத்த வண்டிக்கும் அடிப்பதென்று முடிவானது. வெள்ளை வேண்டாம் என்றாள். வெள்ளை அத்தான் தேர்ந்தெடுத்த நிறம். கடையில் முற்றின வேப்பிலை மாதிரி ஒரு பச்சையைக் காட்டி, "இதக் கலந்து குடுங்க" என்றாள். நிறம் மாற்ற ஆர்டிஓ ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டியதையும் அவளே போய்ச் செய்துவிட்டு வந்தாள்.

இத்தனை நாளும் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. பின்பக்கக் கொல்லையில் நின்று தாழ்ந்த குரலில் போன் பேசிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது ஒருமுறை, "கோவத்துல பண்ணிட்டாரு. ஆம்பளைக்குக் கோவம் வாரதுதான். உக்காந்து பேசுனா சரியாப் போயிரும்" என்றார். அக்கா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

பச்சை அடிக்கும் நாள் வந்தது. கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் வாடகைக்கு வந்திருந்தன. கண்ணாடிகளையும் விளக்குகளையும் செய்தித்தாளால் மூடி டேப் ஒட்டினோம். ஆற்றுப் பக்கமிருந்து புழுதிக் காற்று வரும் என்பதால் போர்ட்டிகோவைச் சுற்றி ஈரச் சேலைகளைக் கட்டினோம். அக்கா ஓட்டுநர் கதவிலிருந்துதான் தொடங்கினாள். கன் சீறியது. சாம்பல் நிறத்தின்மேல் பச்சை ஒரு விசிறியாக விரிந்து ஒட்டியது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். இரண்டாவது பூச்சில் கதவு முழுக்கப் பச்சையானது. எழுத்து தெரியவில்லை. சாய்ந்து பார்த்தோம், குனிந்து பார்த்தோம். தெரியவில்லை. முகமூடிக்கு மேலே அக்காவின் கண்கள் சிரித்தன. பானெட்டுக்குப் போனாள்.

அப்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. திறந்தது அப்பா.

"வாங்க மாப்ள" என்றார்.

அத்தான் வெள்ளைச் சட்டையில், கையில் பழப்பையோடு உள்ளே வந்தார். சேலையை விலக்கிக்கொண்டு வந்தவர், சிரித்த முகமாகத்தான் வந்தார். "ஒங்கப்பா கூப்புட்டாரு, வந்தேன். போதும் வா, வீட்டுக்குப் போவோம்" என்றார். பிறகு காரைப் பார்த்தார்.

"என்னாது இது? யாரக் கேட்டு கலர மாத்துன?"

"என் வண்டி. யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்றாள் அக்கா.

"மாப்ள, மொதல்ல உக்காருங்க, பேசிக்கிருவோம்" என்று அப்பா நாற்காலியை இழுத்தார். அத்தான் பழப்பையைத் தரையில் அடித்தார். கம்ப்ரசரை எட்டி உதைத்தார். அது உருண்டு என் கணுக்காலில் மோதி, உறுமிக்கொண்டே கிடந்தது. அடுத்து அக்காவை அறைந்தார். அறை விழுந்த வேகத்தில் அவள் போட்டிருந்த ஆய்வகக் கண்ணாடி பறந்து சுவரில் பட்டது. முகமூடி ஒரு காதில் தொங்கியது. அது தையல் போட்ட காது. இரண்டாவது முறையும் கையை ஓங்கினார்.

அக்கா கன்னைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து அழுத்தினாள்.

ஒரு நொடியில் அந்த முகத்தில் கண் எது, வாய் எது என்று தெரியாமல் பச்சையானது. அவர் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. கைகளால் முகத்தைப் பொத்தினார். அக்கா கைகளின் மேலேயும் அடித்தாள். குனிந்தார், தலையின் மேல் அடித்தாள். மண்டியிட்டார், முதுகில் அடித்தாள். "நிறுத்துடி, நிறுத்துடி" என்று அப்பா அவள் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிய உதறலில் அப்பா நாற்காலியோடு விழுந்தார். டப்பாவில் பெயிண்ட் தீர்ந்து வெறும் காற்று சீறும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.

"கண்ணு தெரியல. ஐயோ, எரியுது, கண்ணு தெரியல" என்று அவர் தரையில் உருண்டார்.

அந்தப் பெயிண்டில் தின்னர் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "தண்ணி! உடனே கழுவணும்!" என்று கத்தினேன். அசைந்தது நானில்லை, அக்காதான். அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தோட்டத்துக் குழாய்வரை தரதரவென்று இழுத்துப்போனாள். அவர் எடையில் அவள் பாதிகூட இருக்கமாட்டாள். மல்லாக்கத் தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, ரப்பர் குழாயை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். தன்னை முக்கிக் கொல்லப் பார்க்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் கைகால்களை வீசினார். அவள் வயிற்றில் குத்தினார். இமையைப் பிரிக்கப்போன கையைக் கடித்தார். ரத்தம் வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"கண்ணத் தொற. தொறய்யா! தொறக்காட்டிக் குருடாப் போயிருவ. தொற!"

நான் அவர் கைகளைப் பிடித்து மிதித்துக்கொண்டு நின்றேன். அத்தானின் கையை மிதிப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. மாடித் தொட்டித் தண்ணீர் தீரும்வரைக்கும் கழுவினாள். செடிகளின் அடியில் பச்சைத் தண்ணீர் குளமாகத் தேங்கியது. முடிவில் அவர் அடிப்பதை நிறுத்திவிட்டு, குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார். அவள் அவர் நெஞ்சிலிருந்து எழுந்து, "ஆட்டோ கூப்புடு" என்றாள்.

கண் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் உடனே பார்த்தார்கள். நாங்கள் மூவரும் பச்சையாக இருந்தோம். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மறுபடி கழுவி, மருந்து விட்டு, இரண்டு கண்களையும் கட்டியபிறகு, டாக்டரம்மா ஒருவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "எப்படி ஆச்சு?"

அத்தான் கட்டிலில் படுத்தபடி முந்திக்கொண்டு பதில் சொன்னார். "வீட்டுல வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சோம் மேடம். தெரியாமத் தெறிச்சிருச்சு."

பெண்டாட்டி கையால் பட்டது என்று சொல்ல அவருக்கு வெட்கம். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்தியும் அடங்காமல், அந்த வார்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். எனக்குத் தெரியும், ஏன் என்று. கை எலும்பு முறிந்தபோது பாத்ரூமில் வழுக்கியது என்று சொன்னவள் அவள். உதடு கிழிந்தபோது அலமாரிக் கதவு இடித்தது என்று சொன்னவள்.

சிரிப்பு நின்றதும் அக்கா டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "தெறிக்கல மேடம். நான்தான் அடிச்சேன். மூஞ்சியப் பாத்து."

டாக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கன்னத்தில் விரல் தடங்கள் வீங்கிக் கிடந்தன. காதில் தையல் பிரிந்திருந்தது. கையில் பல் பதிந்த காயம்.

"இதெல்லாம்?"

"இது அவரு அடிச்சது. இது இழுத்ததுல போனது. இது கடிச்சது."

"ஏய், வாய மூடுறீ" என்று கட்டிலிலிருந்து அத்தான் கத்தினார். கண்கட்டோடு எந்தப் பக்கம் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல், சுவரைப் பார்த்துக் கத்தினார். டாக்டர் அவரை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருக்கும், உங்கள் மேலேயும் வழக்கு வரலாம் என்றார். "வரட்டும் மேடம். சொல்லுங்க" என்றாள் அக்கா. பிறகு நடைபாதை ஓரத்துக்குப் போய் வாந்தியெடுத்தாள்.

அவருக்குப் பார்வை போகவில்லை. ஒரு கண் முழுக்கச் சரியாகிவிட்டது. இன்னொன்றில் மங்கல் இருக்கிறது என்று கேள்விப்பட்டோம். அவர் அக்கா மேல் புகார் கொடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தும் கொடுக்கவில்லை. அக்கா கொடுத்த புகாரை அவள் திரும்பப் பெறவில்லை. விவாகரத்து வழக்கும் போட்டாள். இரண்டும் நடந்துகொண்டிருக்கின்றன.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அப்பா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கால்விரல்களில் பச்சை காய்ந்திருந்தது. "அவரு கண்ணு போயிருந்தா என்ன பண்ணிருப்ப?" என்று கேட்டார்.

"அன்னைக்கு அந்தக் கடப்பாரை எம் மேல எறங்கியிருந்தா நீங்க என்ன பண்ணிருப்பீங்கப்பா?"

மறுநாள் அப்பா பேரையூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார். ஐப்பசி மழை தொடங்கிய பிறகுதான் திரும்பி வந்தார். அந்த நாளைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. மகளிடம் ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அவர் கேட்கப்போவதில்லை என்பதும் தெரியும்.

மீதி வண்டிக்கு நான்தான் அடிக்க வேண்டியிருந்தது. அக்கா அந்தக் கன்னைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். பயமா என்று கேட்டேன்.

"பாவம்னு தோணவே இல்லடி. அவரு கீழ விழுந்த பெறகும் விரல எடுக்க மனசே வரல. இன்னும் ஒரு டப்பா இருந்திருந்தா அதையும் அடிச்சிருப்பேன். அதான் பயமா இருக்கு" என்றாள்.

நான் அடித்த பக்கம் கேவலமாக வந்தது. பெயிண்ட் வடிந்து, மெழுகுவர்த்திபோல உறைந்துவிட்டது. பானெட்டில் பாதி அக்கா அடித்தது, பாதி நான் அடித்தது. நடுவில் கோடு தெரியும். புழுதியும் ஒட்டிக்கொண்டது, ஒரு கொசுவும். அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் ஒருவர், "எந்த ஒர்க்‌ஷாப்ல அடிச்சீங்கம்மா? சொன்னா அந்தப் பக்கமே போகாம இருப்பேன்" என்று கேட்டாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

போன வாய்தாவுக்கு நானும் அவளோடு போயிருந்தேன். அத்தான் கறுப்புக் கண்ணாடி போட்டு, வக்கீலோடு மரத்தடியில் நின்றிருந்தார். எங்களைத் தாண்டிப் போகும்போது பேனாவைச் சட்டைப்பையில் வைக்கக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான். அக்கா சட்டென்று முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு என் பின்னால் ஒதுங்கினாள். அவர் கவனிக்காமல் போய்விட்டார்.

திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஓர் ஓரமாக வண்டியை நிறுத்தினாள். கால்கள் உதறிக்கொண்டிருந்தன. கிளட்சை அழுத்த முடியவில்லை. "நீ ஓட்டுறியாடி?" என்றாள். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அவளுக்கு நினைவில்லை. ஜன்னலை இறக்கி, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். பின்னால் நின்ற ஷேர் ஆட்டோ ஹாரனை அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. உதறல் நிற்கும்வரை அவள் தொடைமேல் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளே கண்ணாடியைப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுத்தாள்.